படகுக் கட்டத்தின் இரண்டாவது குரல்

“எடுத்துடு வார்டன். இப்பவே எடு. ஏன் எதுக்குன்னு கேக்காத.”

தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் ஹெட்போனும் மறு கையில் சாவிக்கொத்துமாக அவள் மருத்துவமனை நடைபாதையில் கிட்டத்தட்ட ஓடிக்கொண்டிருந்தாள். கடைசி நோயாளியும் போயாச்சா என்று கேட்க வந்த நர்ஸ் பேச்சை விழுங்கிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

“எதை எடுக்கணும்?”

“மத்தியானம் நான் போட்ட விமர்சனத்தை.”

மறுமுனையில் சிரிப்பு. “பேசுறது ஊசிதானா? இல்ல யாராவது போனைத் திருடிட்டாங்களா?”

ஊசி என்பது அவளுக்கு அந்த இணையக் குழுவில் கிடைத்த பெயர். பழைய வீடியோ கேம்களின் இசையை எடுத்து, தங்கள் விருப்பத்துக்கு மாற்றி அமைக்கிறவர்களின் குழு. வாரம் ஒரு பாட்டு திரைக்குப் பின்னால் ஏறும். செய்தவர் யார் என்று தெரியாது. விமர்சகர்கள் கேட்டு எழுதுவார்கள். மாலை ஆறு மணிக்குத் திரை விலகும். செய்தவரின் பெயர் எல்லோருக்கும் தெரியும், விமர்சனங்கள் முதல்முறையாகச் செய்தவரின் கண்ணில் படும். குழுவைக் கட்டி மேய்க்கிற வார்டனை அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் வாரத்தில் அவள் அதிகம் பேசுகிற மனிதர் அவர்தான். நோயாளிகளிடம் பேசுவது கணக்கில் வராது. “சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க” என்பதை எத்தனை முறை சொன்னாலும் அது பேச்சு ஆகிவிடுமா?

“போட்டதைத் திரும்ப எடுக்கக் கூடாதுன்னு விதி போட்டது யாரு? நீதானே!” என்றார் வார்டன். “ஆள் யாருன்னு மோப்பம் பிடிச்சுட்டா எல்லாரும் வழவழான்னு எழுத ஆரம்பிச்சுடுறாங்கன்னு என்னோட மல்லுக்கு நின்னியே, மறந்துபோச்சா?”

“மறக்கல.”

“அப்ப, ஆள் யாருன்னு மோப்பம் பிடிச்சுட்ட.”

அவள் ஓட்டத்தை நிறுத்தி, நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்.

மதிய இடைவேளையில், ஒலி புகாத காது பரிசோதனை அறைக்குள் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறக்காமலே எழுதியது அந்த விமர்சனம். தீவுத் தீவாகப் போகிற ஒரு பழைய கேமில், படகில் ஏரியைக் கடக்கிற கட்டத்து இசை. அதை லோ-ஃபையாக மாற்றியிருந்தார்கள். வேகத்தைப் பாதியாக்கி, தேய்ந்த கேசட்டின் இரைச்சலைப் பூசி, பின்னால் மழையைப் பெய்யவிட்டு, பக்கத்து அறையில் யாரோ தூக்கக் கலக்கத்தில் வாசிப்பது போல ஆக்குகிற பாணி. அவளுக்கு அந்தப் பாணியே ஆகாது. கை கூசாமல் எழுதிவிட்டாள்.

‘மழைச் சத்தம் போட்டால் சோகம் வந்துவிடும் என்றால் எங்கள் வீட்டு ஓட்டைக் குழாயும் இசையமைப்பாளர்தான். அதையாவது மன்னிக்கலாம். மூலத்தில் முதல் குரல் ஒரு கேள்வி கேட்கும், இரண்டாவது குரல் பதில் சொல்லும். அந்தப் பாட்டின் உயிரே அதுதான். இங்கே கேள்வி வருகிறது, நிற்கிறது, பதில் சொல்ல ஆளில்லை. பல் விழுந்த வாய் மாதிரி ஒரு பொந்து. மூலத்தை ஒழுங்காகக் கேட்டிராத ஒருவர் கைவைத்தால் இப்படித்தான் ஆகும்.’

எழுதி முடித்தபோது நன்றாகத்தான் இருந்தது. பசிகூட எடுத்தது.

அதற்கப்புறம்தான் லாரி டிரைவர் வந்தார், மனைவியோடு. “இவருக்குக் காது சுத்தமா போச்சும்மா” என்றாள் மனைவி. “எல்லாம் நல்லாத்தான் கேக்குது. இவ பேசும்போது மட்டும் லைன் கட்டாயிடுது” என்றார் அவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்பினாள். நடுநடுவே எதையும் அனுப்பாமல் சும்மா இருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் அமுக்குகிறவர்களைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. அப்படிச் சும்மா இருந்த ஓர் இடத்தில் டிரைவர் பட்டனை அமுக்கினார்.

“சத்தமே வரலையே, ஏன் அமுக்குனீங்க?”

“வரலையா? வரவேண்டிய இடம்னு தோணுச்சும்மா. காது தானா போட்டுக்கிச்சு.”

மனைவி வெளியிலிருந்து சிரித்தாள். ஊசி சிரிக்கவில்லை. மத்தியானம் கேட்ட அந்தப் பொந்து அவள் காதுக்குள் திறந்துகொண்டது. அதே நீளம், அதே இடம். அது தெரியாமல் விட்ட பொந்து அல்ல. அவளும் தம்பியும் வளர்ந்த வீட்டுப் பொந்து.

டிவிக்கு மேலே வைத்திருந்த கேம் மிஷின் ஒருநாள் கீழே விழுந்தது. படம் வந்தது, பட்டன்கள் வேலை செய்தன. ஒலியில் மட்டும் ஒரு வாத்தியத்தின் குரல் செத்துப்போயிற்று. “படம் தெரியுதுல்ல? அது போதும்” என்று அப்பா ரிப்பேருக்குக் கொடுக்க மறுத்துவிட்டார். அன்றிலிருந்து படகுக் கட்டத்தில் கேள்வி மட்டும் வரும், பதில் வராது. தம்பி அந்தக் கட்டத்தைத் தாண்டவே மாட்டான். படகைக் கரையில் சேர்த்தால் இசை மாறிவிடும் என்று ஏரி நடுவிலேயே சுற்றிக்கொண்டிருப்பான். வளர்ந்து, இணையத்தில் மூலத்தை முழுசாகத் தேடிக் கேட்டு, நூறு பேருக்குப் பாடம் எடுக்கிற அளவு தேறியதில் அவளுக்கு வீட்டு மிஷினின் பாட்டு அழிந்தே போயிருந்தது. அவனுக்கு அழியவில்லை.

தம்பியோடு பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானம் என்று ஒன்றாவது பாக்கி இருந்திருக்கும். அம்மாவும் போன பிறகு வீட்டைக் காலி செய்தார்கள், ஆளுக்கொரு ஊருக்குப் போனார்கள். அவன் கூப்பிடுவான் என்று இவள் இருந்தாள். இவள் கூப்பிடுவாள் என்று அவன் இருந்திருக்கலாம். அப்புறம் அவன் நம்பர் மாறிவிட்டது.

“தம்பியா?” வார்டன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார். “நிச்சயமாத் தெரியுமா?”

“அந்த இடத்தை அப்படி விட இந்த உலகத்துல வேற ஆள் கிடையாது.”

“ஊசி நீதான்னு அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரியாம இத்தனை வருஷம் கழிச்சு என் வாயால அவன் கேக்கப் போற முதல் வார்த்தை அது, வார்டன். பல் விழுந்த வாய்.”

“என் கையில இல்லம்மா. எடுக்கிற வசதியையே அடைக்கச் சொன்னே, அடைச்சுட்டேன். கீழே பதில் வேணும்னா போடலாம்.” அவர் தொண்டையைச் செருமினார். “மணி ஆகப் போகுது.”

வெளிநோயாளிகள் எல்லோரும் போய்விட்டார்கள். துப்புரவுக்காரம்மா நாற்காலிகளைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டிருந்தாள். ஊசி போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரை விலகியது. செய்தவர் பெயர்: துடுப்பு.

சின்ன வயதில் தம்பிக்கு அவள் வைத்த பெயர். படகை விட்டு இறங்கத் தெரியாதவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது?

அவள் விமர்சனத்துக்குக் கீழே ‘துடுப்பு எழுதுகிறார்’ என்று வந்தது. அழிந்தது. மறுபடி வந்தது. பதில் வந்து விழுந்தது.

‘சரியாத்தான் சொல்லியிருக்கீங்க ஊசி. மூலத்துல அங்க ஒரு குரல் இருக்குன்னு தெரியும். எங்க வீட்டு மிஷின்ல அது செத்துப்போச்சு. அந்த இடம் வந்தா பக்கத்துல உக்காந்து ஒருத்தங்க மூக்காலேயே பாடுவாங்க. அங்க வேற எதை வச்சாலும் பொருந்தல. நீங்க எழுதின மாதிரி, ஆளில்லை.’

“மேடம், இந்த ரூமைப் பூட்டிடலாமா?” என்றாள் துப்புரவுக்காரம்மா.

“கொஞ்சம் இருங்கக்கா.”

பரிசோதனை அறைக்குள் போய்க் கனத்த கதவை இழுத்துச் சாத்தினாள். நாளெல்லாம் மற்றவர்கள் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். துடுப்புக்குப் பதிலாக அனுப்ப, போனில் பதிவுப் பட்டனை அமுக்கிவிட்டுப் பாட்டைப் போட்டாள். மழை பெய்தது. கேசட் இரைந்தது. முதல் குரல் கேள்வியைக் கேட்டுவிட்டு நின்றது. போன் திரையில் ஒலிக்கோடு அவள் குரலுக்காக அசையாமல் தட்டையாகக் காத்துக் கிடந்தது.

ஏரி நடுவில் தம்பி படகைச் சுற்ற, அவன் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்து, சளி பிடித்த நாட்களில்கூட ஒருமுறையும் தவறவிடாமல், அந்த இடத்தை மூக்கால் பாடியவள் அவள்தான்.