ஹெவி லைசென்ஸ்

“ஹெவி லைசென்ஸ் வச்சிருக்கீங்களா?” என்று இன்டர்வியூ மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். நான் நின்றால் ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டியதில்லை. இல்லையே மேடம் என்று நான் வாயெடுப்பதற்குள் என் பயோடேட்டாவைத் திருப்பி என் பக்கம் தள்ளி, இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியைப் பேனாவால் தட்டிக் காட்டினார். ‘கூடுதல் தகுதி: கனரக வாகன உரிமம். மலைப்பாதையில் லாரி ஓட்டிய அனுபவம் உண்டு.’ எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படி வந்தது என்பது அடுத்த நொடியே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பன்னிரண்டு வருடமாக என் பிழைப்பே அடுத்தவர்களுக்கு பயோடேட்டா அடித்துக் கொடுப்பதுதான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. இரண்டு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் நான். நர்ஸ், வெல்டர், கணக்கு வாத்தியார், வாட்ச்மேன் என்று யார் வந்து நின்றாலும் பத்து நிமிடத்தில் இரண்டு பக்கம் தயார். புதுசாக ஒரு பக்கத்தைத் திறந்து முதலிலிருந்து அடிப்பதெல்லாம் எங்கள் தொழிலில் கிடையாது. முந்தின ஆளுடைய பயோடேட்டாவைத் திறந்து, பெயரை அழித்துவிட்டு, அதன் மேலேயே அடுத்த ஆளை அடிப்போம். அப்படிச் செய்ததில் ஒருமுறை, பிள்ளை பெற்ற ஒரு நர்ஸுக்கு ‘திருமணமாகாதவர்’ என்றே இருந்துவிட்டது. கூட வந்திருந்த அவள் புருஷன் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா! அன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன். அடித்த தாளை ஆள் கையில் கொடுத்து, வரிக்குக் கீழே விரல் வைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். கூச்சப்படுவார்கள், பஸ் போய்விடும் என்று பறப்பார்கள். படிக்காமல் ஒருத்தரையும் கடையை விட்டு இறங்கவிட்டதில்லை. கடைசியாக நான் அடித்தது ஒரு லாரி டிரைவருக்கு. அதன் மேல்தான் என்னுடையதை அடித்தேன்.

கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், இந்த மாதக் கடைசியோடு கடையை மூடுகிறோம் என்று முதலாளி சொன்னபோது வீட்டில் யாருக்கும் பெரிய அதிர்ச்சி இல்லை. “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடேன்,” என்றார் என் வீட்டுக்காரர். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் ரெஸ்ட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் நான்கு வருடம் அப்படித்தான் இருந்தேன். அப்போது யாராவது கதவைத் தட்டினால் ஜன்னல் வழியாக, “வீட்ல யாரும் இல்லீங்க,” என்பேன், முழுசாக நின்றுகொண்டே. சொல்லும்போது அது தப்பாகக்கூடத் தோன்றாது. கடைக்குப் போக ஆரம்பித்து ரொம்ப நாள் கழித்துத்தான் அந்தப் பதில் எனக்கே உறைத்தது. அந்த ஜன்னலுக்குப் பின்னால் இனி நான் போய் நிற்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் ஃபைல்களைப் பராமரிக்கிற பிரிவில் ஒரே ஒரு இடம் காலி என்று நோட்டீஸ் வந்தது. ஜெராக்ஸ் போட வந்த அதே நோட்டீஸில் எனக்கும் ஒரு காப்பி எடுத்துக்கொண்டேன்.

என் நாத்தனாருக்கு லேபில் வேலை. மூன்று இடம் மாறியவள், இன்டர்வியூவில் கரை கண்டவள். இரண்டு வாரம் என்னை உட்கார வைத்து வாட்டி எடுத்துவிட்டாள். துணி மடித்துக்கொண்டே கேட்பாள். “உங்களைப் பத்திச் சொல்லுங்க.” எனக்குச் சிரிப்பு வந்துவிடும். “சிரிச்சா வேலை கெடைக்காது அண்ணி. சரி, உங்க பலவீனம் என்ன?”

“கோவம் வரும்.”

“ஐயோ, அதையெல்லாம் சொல்லக் கூடாது!”

“பின்ன பலவீனம்னுதானேடி கேட்டே?”

“கேட்டா? நான் அளவுக்கு மீறி உழைப்பேன், அதான் என் பலவீனம்னு சொல்லணும்.”

அதையும் மனப்பாடம் செய்தேன். இன்று காலை கிளம்பும்போது கையை நீட்டினாள். “குடுங்க அண்ணி, பயோடேட்டாவ ஒரு தடவ பாத்துடறேன்.” எனக்கு வந்ததே ரோஷம். “ஊருக்கே அடிச்சுக் குடுக்கறவ நான். எனக்கே பாடம் எடுக்கறியா?” என்று தாளைப் பையில் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வாய்க்குத்தான் இப்போது வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

மேடம் பக்கத்தில் இருந்த விண்ணப்பக் கட்டிலிருந்து சில தாள்களை உருவி வரிசையாகப் பரப்பினார். “இதையும் கொஞ்சம் பாருங்க. இந்த வேலைக்கு வந்ததுல ஒம்போது பேரோட முதல் வரி ஒண்ணுபோல இருக்கு. ‘சவாலான சூழலில் நிறுவனத்தோடு சேர்ந்து நானும் வளர விரும்புகிறேன்.’ உங்களோடதுலயும் அதேதான். எங்கேருந்துங்க வருது இது?”

“என்கிட்டேருந்துதான் மேடம்.”

அவருக்குச் சிரிப்பு முட்டியது, பார்த்தேன். நானும் கொஞ்சம் மூச்சு விட்டேன். ஆனால் கடையைப் பற்றி, அழித்துவிட்டு மேலேயே அடிப்பதைப் பற்றி நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிவிட்டது. பேனாவை மூடி வைத்தார்.

“நீங்க கேட்டு வந்திருக்கறது ஃபைல் பாக்கற வேலை. இங்க ஒருத்தர் ஃபைல்ல இன்னொருத்தரோட பிளட் குரூப் அப்படியே நின்னுடுச்சுன்னா?”

நாத்தனார் சொல்லிக்கொடுத்தது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கம்ப்யூட்டர் மேல் பழியைப் போடலாம். கடையை மூடுகிற அவசரத்தில் நடந்தது என்று இழுக்கலாம். என்ன சொன்னாலும் அந்த லாரி தாளை விட்டு இறங்கப் போவதில்லை.

“நின்னுடுச்சுன்னா உயிரே போயிடும் மேடம்,” என்றேன். “கம்ப்யூட்டர் தப்பு இல்ல, நான் பண்ண தப்பு. கடைக்கு வர்ற ஒவ்வொருத்தரையும் வாய்விட்டுப் படிக்க வச்சுத்தான் அனுப்புவேன். என்னோடத மட்டும் சும்மா கண்ணால ஓட்டிட்டு எடுத்துட்டு வந்துட்டேன். நாமளா தப்பு பண்ணப் போறோம்னு ஒரு திமிரு. படிச்சுப் பாக்கறேன்னு வீட்ல கேட்டாங்க, அவங்களையும் கடிச்சு வச்சேன். பலவீனம் என்னன்னு கேப்பீங்கன்னு சொன்னாங்க. அதான் மேடம் என் பலவீனம்.”

அவர் என் தாளை மற்ற தாள்களோடு சேர்க்கப் போனார். அந்தக் கட்டுக்குள் போனால் என் கதை முடிந்தது.

“ஒரு வெள்ளைத்தாள் குடுங்க மேடம்,” என்றேன். குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. “புதுசா எழுதித் தர்றேன். வெளிய உக்காந்து கையாலேயே எழுதறேன்.”

அவர் கை அப்படியே நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிரிண்டருக்கு அடியிலிருந்து இரண்டு தாளை உருவி நீட்டினார். “இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. ரெண்டாவது ஆளு வெளிய வர்றதுக்குள்ள குடுத்துடணும். அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

வெளியே நீளமான பெஞ்ச். நான் வந்ததும் ஓர் ஆள் எழுந்து உள்ளே போனார். பையை மடியில் வைத்து, அதன் மேல் தாளை வைத்து, பேனாவைத் திறந்தால் கை ஓடவில்லை. விரல் தானாக அந்த ‘சவாலான சூழலில்’ என்றே ஆரம்பிக்கப் பார்க்கிறது! போதும் நீ வளர்ந்தது என்று அதை ஓரம்கட்டிவிட்டு, நான் என்னதான் செய்தேன் என்று யோசித்தேன். எழுத எழுத வந்தது. ‘பன்னிரண்டு வருடம் ஜெராக்ஸ் கடையில் வேலை. மெஷின் கண்ணாடியில் மறந்து வைத்துவிட்டுப் போன அசல் சான்றிதழ்கள் இருபத்தாறு. இருபத்தாறையும் உரியவரிடம் சேர்த்திருக்கிறேன். ஓர் ஆளைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆனது.’ அடுத்து, ‘மற்றவர்களின் கையெழுத்தைப் படிக்க வரும், டாக்டர்களின் கையெழுத்து உட்பட.’ அதற்கு அடுத்த வரியில் பேனா நின்றது. வேலையில் இல்லாத வருடம் யாருக்கு இருந்தாலும் தேதிகளை முன்னே பின்னே இழுத்து அந்தப் பள்ளத்தை மூடிவிடுவது கடை வழக்கம். அதில் நான் கெட்டிக்காரி. இந்த முறை மூடவில்லை. ‘திருமணத்துக்குப் பின் நான்கு வருடம் வேலையில் இல்லை. வீட்டில் இருந்தேன்.’ அதோடு விடாமல் அதன் கீழே அந்த ஜன்னலைப் பற்றி இன்னும் இரண்டு வரி எழுதினேன்.

“அக்கா, நீங்க பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடை அக்காதானே?” பெஞ்சின் கோடியில் இருந்த பெண் நகர்ந்து வந்தாள். கையில் எங்கள் கடை பிளாஸ்டிக் கவர். போன வாரம் அவளுக்கு நான்தான் அடித்துக் கொடுத்தேன். “இங்க எங்கக்கா?”

“நீ எதுக்கு வந்தியோ அதுக்குத்தான்.”

அவள் முகம் சுருங்கியது. இருப்பது ஒரு இடம்தானே. உள்ளே போனதும் மேடம் அந்த முதல் வரியைப் பற்றிக் கேட்டு இவளையும் மடக்குவார் என்பது எனக்குத் தெரியும். சொல்லாமல் விட்டால் என்ன என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், நன்றாகவே நினைத்தேன். ஆனால் அந்த வரியை அவள் தலையில் கட்டியது நான்.

“உன்னோடதுல முதல் வரி எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. முழிக்காத. கடை அக்கா போட்டதுன்னு சொல்லிட்டு, நீ நெஜமா என்ன செய்வியோ அதைச் சொல்லு.” பிறகு என் தாளை அவளிடம் நீட்டினேன். “இப்ப நீ எனக்கு ஒண்ணு செய்யணும். இதை வாய்விட்டுப் படி.”

“நானாக்கா? இங்கயா?”

“என் கண்ணை நான் நம்ப மாட்டேன். வரிக்குக் கீழ விரல் வச்சுக்க. வேற யாராவது அதுல ஒளிஞ்சிருந்தா சொல்லு.”

பிறகு கவரைக் கீழே வைத்துவிட்டு, கடையில் படித்த மாதிரியே தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். முதலில் முணுமுணுப்பாகத்தான் வந்தது. சான்றிதழ்கள் வந்த இடத்தில் குரல் ஏறியது. தள்ளுவண்டியோடு போன ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டார். மருந்துச் சீட்டோடு எதிர்ச் சுவரோரம் நின்றிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் தலையைக் குனியவில்லை.

“திருமணத்துக்குப் பின் நான்கு வருடம் வேலையில் இல்லை. வீட்டில் இருந்தேன்,” என்று அவள் படிக்கும்போது கதவு திறந்தது. உள்ளே போனவர் வெளியே வந்தார். பின்னாலேயே மேடம் வந்து, “அடுத்தது யாரு?” என்றார்.

அவள் தாளிலிருந்து விரலை எடுக்கவில்லை.

“நான்தான் மேடம். அக்காவோடது இன்னும் ரெண்டு வரி பாக்கி இருக்கு.”

மேடம் கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். அவள் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது.