கேட்டுப் பார்க்கக் கொடுத்த ஜோடி

ஐஸ் பெட்டி பாதி உள்ளே வந்து, மீதி சந்திலேயே நின்றுவிட்டது. முன்பக்கம் பிடித்துக்கொண்டு வந்த இருவரும் கூடத்தில் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தார்கள். இடது பக்கம் ஒரு ஸ்பீக்கர், வலது பக்கம் ஒரு ஸ்பீக்கர், நடுவே பாயில் கன்னியம்மாவின் புருஷன் சின்னப்பையன். மனுஷன் செத்தும் வழியை அடைத்துக்கொண்டுதான் கிடந்தார்.

“வெளியவே வெச்சிடலாம்மா. பந்தல் போட்டுகினு கீறாங்கல்ல” என்றான் வல்லரசு.

கன்னியம்மா மகனை ஏறிட்டுப் பார்த்தாள். “வூட்டுக்குள்ள செத்தவர எடுத்தா ஒரே எடுப்புதான். வெளிய வெச்சா அப்பறம் உள்ள வர முடியாது. உங்கக்கா வந்து ரோட்டுலயா அப்பன் மூஞ்சியப் பாப்பா?”

அந்தச் சந்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆகவே யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மூத்தவள் கார்குழலி பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டாள். அவள் வந்து சேர்ந்து, மறுநாள் காலையில்தான் எடுப்பது. அதுவரை வெளியே வைத்தால், துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியெல்லாம் பெட்டிக் கண்ணாடிமேல்தான் படியும். திருவொற்றியூரில் முப்பது வருஷம் அந்தப் புழுதியைத் தின்றது போதாதா?

அப்படியானால் இரண்டு ஸ்பீக்கரையும் தூக்கிச் சந்தில் போடு என்றாள். வல்லரசு தயங்கினான். அவை லியாகத் பாயுடையவை, கேட்டுப் பார்க்கக் கொடுத்தவை, கீறல் விழுந்தால் யார் பதில் சொல்வது, பாய் வந்துகொண்டிருக்கிறார், அவரே பார்த்து எடுத்துப் போகட்டும் என்றான். ஐஸ் பெட்டிக்காரர்கள் பெட்டியை அப்படியே வாசற்படியில் இறக்கி வைத்துவிட்டு பீடி பற்றவைக்கப் போனார்கள். அதற்கப்புறம் உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களும் பெட்டியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

கன்னியம்மாவுக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் ஆத்திரம்தான் வந்தது. பக்கத்து வீட்டுச் சிலுவையம்மாள் முதுகைத் தடவிக் கொடுத்து, அழுதுடு கன்னிம்மா, அழுதுடு என்றாள். எங்கே அழுவது? கொட்டாவி விடக்கூட இடமில்லாத வீட்டில், ஆளுயரத்தில் முக்கால்வாசி வருகிற இரண்டு மரப்பெட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்.

மூன்று வருஷத்துப் பைத்தியம் இது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்பீக்கர் கடை வைத்திருக்கும் லியாகத் அலி, சின்னப்பையனுக்குச் சின்ன வயசிலிருந்தே தோஸ்து. அந்த பாயின் மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்துதான் ஆரம்பித்தது. கூடத்துக்கு ஒரு நல்ல ஜோடி வாங்கணும் என்றார் சின்னப்பையன். வாங்கித் தொலைத்திருந்தால் பரவாயில்லை. அவர் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தார். ட்ரைசைக்கிளில் ஒரு ஜோடி வரும், பதினைந்து நாள் இருக்கும், சரியில்லை என்று திரும்பிப் போகும். அடுத்த ஜோடி வரும். ஒன்று பத்துக்குப் பத்து ரூமுக்குப் பெரியது, சுவர் அதிர்கிறது. இன்னொன்றில் பாடுகிறவனுக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கிறது. ஸ்பீக்கருக்குக் கீழே வைக்க கட்டட வேலை நடக்கிற இடத்திலிருந்து ஹாலோ பிளாக் கல் வந்தது. கட்டில் வெளியே போனது. சாமி படங்கள் அடுப்பங்கரைக்குப் போயின. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள், உட்காரச் சொன்னால் எங்கே என்று கேட்டார்கள்.

ஸ்பீக்கர்மேல் எதையும் வைக்கக்கூடாது. ஒருநாள் சிலுவையம்மாள் தெரியாமல் காப்பி டம்ளரை வைத்துவிட்டாள். சின்னப்பையன் பாய்ந்து வந்து எடுத்து, போட்டிருந்த சட்டையாலேயே அந்த ஈர வட்டத்தைத் துடைத்தார். அன்றைக்கு வீம்புக்கென்றே கன்னியம்மா மீன் சட்டியைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தாள். இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

இவ்வளவுக்கும் மனுஷனுக்குக் காது மந்தம். எண்ணூர் பக்கம் ஒரு பட்டறையில் ராட்சசச் சம்மட்டிக்குப் பக்கத்திலேயே நின்று காலத்தைக் கழித்தவர். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். டிவியை அவர் வைக்கிற சத்தத்தில் சந்து முழுக்க நியூஸ் கேட்கும். செவிடன் காதில் சங்கு ஊதினது போல என்று சொல்வார்கள். இங்கே செவிடனே சங்கு வாங்கக் கடை கடையாக அலைந்தான் என்று அவள் எத்தனையோ தடவை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள். அவர் சிரிப்பார். பாதி கேட்டிருக்காது.

தரையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு வட்டம் வேறு. இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியான நடுவில், டேப் பிடித்து அளந்து போட்டது. அதன்மேல் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவளை உட்கார வைப்பார். ஆள் இல்லாத ரூமில் சத்தம் முட்டிக்கொண்டு திரும்பும், அதற்காக என்பார். என்னை அரிசி மூட்டையாட்டம் ஒக்கார வெச்சிகினு என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே உட்காருவாள். அவர் பாட்டு செட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கேக்குதா என்பார். கேக்குது என்பாள். மூன்று வருஷமாக எல்லா ஜோடிக்கும் அதே பதில்தான். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போது அவளிடமிருந்து வேறென்ன வரும்?

இன்று காலையிலும் கூப்பிட்டார். தண்ணி லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்த நேரம். இடுப்பில் குடத்தோடு நின்றவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, பாட்டைப் போட்டு, கேக்குதா என்றார். “ஒண்ணும் கேக்கல, ஆள வுடு” என்று கையை உதறிவிட்டுப் போனாள். வரிசையில் சண்டை போட்டுத் தண்ணீர் பிடித்து வந்தால், மஞ்சள் வட்டத்து நாற்காலியில் அவரே உட்கார்ந்திருக்கிறார், கண்ணை மூடிக்கொண்டு. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பால் வாங்கவில்லை, வேலைக்குக் கிளம்பவில்லை, ஒத்தாசைக்கு ஒரு குடம் தூக்க வரவில்லை என்று அவள் ஆரம்பித்தாள். திட்டிக்கொண்டே அடுப்பங்கரைக்குப் போனாள், திட்டிக்கொண்டே திரும்பி வந்தாள். இரண்டாவது குடத்தை ணங்கென்று வைத்ததில் தண்ணீர் தளும்பி அவர் காலில் கொட்டியது. அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அதுவரை செத்துப் போனவரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

லியாகத் பாய் ஐஸ் பெட்டியைத் தாண்டி உள்ளே வந்தார். செருப்பைச் சந்திலேயே விட்டிருந்தார். தோஸ்துவின் கால்மாட்டில் நின்று, தொப்பியைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் கன்னியம்மா முந்திக்கொண்டாள்.

“பாய், மொதல்ல உங்க பொட்டிங்கள எடுத்துகினு போங்க. இந்த மனுஷன வெக்கறதுக்கு எடம் இல்லாம பேஜாரா கீது.”

அவர் அசையவில்லை. ஸ்பீக்கர்களைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“அது என்து இல்ல தங்கச்சி. நேத்து சாயங்காலம் கடைக்கு வந்து முடிச்சுட்டான். இதான், இனிமே மாத்தறதில்லன்னு சொல்லிட்டுப் போனான்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருஷமாக முடிக்காத மனுஷன் நேற்றுத்தான் முடித்தாரா? சாகப் போகிறதுக்கு முந்தின நாள்தான் அந்தக் காதுக்கு எல்லாம் புரிந்ததாமா?

“அவன் காத வெச்சு முடிக்கல” என்றார் பாய்.

அவர் மெதுவாகத்தான் சொன்னார். போன வருஷம் கடையில் அவர் ஒரு வேலை செய்து பார்த்தாராம். ஸ்பீக்கரில் மேலே இருக்கிற சின்னதின் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பாட்டுப் போட்டாராம். சலங்கை, தாளம், மேல் சத்தம் ஒன்றுமே வராது. சின்னப்பையனுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அதற்குப் பிறகு மனசு கேட்காமல் உண்மையைச் சொல்லிவிட்டார். மாமு, உனக்கு எதை வாங்கினாலும் ஒண்ணுதான், கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போ, என்னைச் சாகடிக்காதே என்று.

“அதுக்கு இன்னா சொன்னான் தெரியுமா? எனக்கா வாங்கறேன்றான். என் பொண்ணு கல்யாணத்துல நீ பந்திக்குக்கூடப் போவாம ஸ்பீக்கருக்கு எதிர்லயே நின்னியாம். வூட்ல ஒரு நாளாவது நீ ஒரு எடத்துல நின்னு அவன் பாத்ததில்லியாம். கேட்டா எல்லாத்துக்கும் கேக்குதுன்றா, அதான் அவ மூஞ்சியப் பாக்கறேன்னான்.”

கன்னியம்மாவுக்கு அந்தக் கல்யாணம் ஞாபகம் வந்தது. பாட்டு ஞாபகம் இல்லை. நின்றது மட்டும் ஞாபகம் இருந்தது. அந்த மண்டபத்தில் யாரும் அவளுக்கு ஒரு வேலையும் சொல்லவில்லை.

“நேத்து நீ மீன் ஆஞ்சுகினு இருந்தியாமே. பாட்டு நடுவுல உன் கை நின்னுடுச்சாம். அத்த சொல்லத்தான் அவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்தான்.”

ஆமாம், நின்றது. சங்கரா மீனைச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். யாரோ கொலுசோடு வாசற்படி ஏறி உள்ளே வந்த மாதிரி இருந்தது. யாரென்று தலையைத் தூக்கிப் பார்த்தாள். யாரும் இல்லை, பாட்டுதான். செட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் இவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இன்னா இளிக்கிற என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் செதிலைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

“அட, கட்டையில...” என்று ஆரம்பித்தவளுக்கு மீதி வரவில்லை. தினத்துக்கும் பத்து தடவை அவரைப் பார்த்துச் சொன்ன வசவுதான். அவர் கிடந்த கோரைப்பாயை ஓங்கி அடித்தாள். “வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா இன்னாய்யா? மூஞ்சியப் பாத்துகினு நின்னியா? மூணு வருசமாவா?”

சிலுவையம்மாள் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எதிர்வீட்டுப் பெண்கள் ஒப்பாரியை எடுத்தார்கள். கன்னியம்மா அவர்களோடு சேரவில்லை. பாயிடம் மட்டும், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

“காலைல கேட்டாரு பாய். கேக்குதான்னு. ஒண்ணும் கேக்கலன்னுட்டேன்.”

லியாகத் பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

வாசலில் ஐஸ் பெட்டிக்காரர்கள் அடுத்த சாவுக்குப் போகவேண்டும் என்று சத்தம் போட்டார்கள். வல்லரசு உள்ளே எட்டிப் பார்த்து, பாய் வந்துவிட்டாரே, இரண்டையும் தூக்கிவிடலாமா என்று கேட்டான்.

“பீரோவத் தூக்கி வெளிய வை” என்றாள் கன்னியம்மா.

“பீரோவாம்மா? அது இன்னா கனம் கனக்குது. ஸ்பீக்கர்னா ஒரு ஆளே...”

“பீரோன்னேன்.”

நான்கு பேர் சேர்ந்து அந்த இரும்பு பீரோவை நகர்த்தினார்கள். அவள் கல்யாணத்தில் கொடுத்தது, நகர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. அடியில் துரு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. எழவு வீட்டில் வாய்விட்டுத் திட்ட முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு, பெட்டியைச் சந்துக்கு இழுத்து, பீரோவை வெளியே ஏற்றி, மறுபடி பெட்டியை உள்ளே கொண்டுவந்தார்கள். சுவரோரத்தில் கிடைத்த இடத்துக்கு ஐஸ் பெட்டி சரியாக இருந்தது. சின்னப்பையனைத் தெற்கே தலை வைத்து உள்ளே கிடத்தினார்கள். கூடத்தில் இருந்தது ஒரே பிளக். செட்டின் ஒயர் அதில்தான் சொருகியிருந்தது. காலையில் அவள் சத்தத்தைக் குறைத்தாளே தவிர சுவிட்சை அணைக்கவில்லை; சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வல்லரசு அம்மாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். ஒயரைப் பிடுங்கி, ஐஸ் பெட்டியின் ஒயரைச் சொருகினான். பெட்டி உறும ஆரம்பித்தது.

பீரோ போனதில் கூடம் கொஞ்சம் பெரிசானது. பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். சிலுவையம்மாள் தன் வீட்டிலிருந்து காப்பி போட்டு எடுத்துவந்தாள். ஒரு வாய் குடி, பச்சைத் தண்ணிகூட இன்னும் பல்லில் படவில்லை என்று கெஞ்சினாள். கன்னியம்மா வாங்கவில்லை. மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டியிருந்ததால், அவள் பங்கு டம்ளரைக் கைக்கு எட்டின இடத்தில் வைத்துவிட்டு சிலுவையம்மாள் நகர்ந்தாள்.

கன்னியம்மா எழுந்தாள். ஸ்பீக்கர்மேல் இருந்த டம்ளரை எடுத்து ஒரு கையில் வைத்துக்கொண்டு, முந்தானையால் அந்த ஈர வட்டத்தைத் துடைத்தாள். போகவில்லை போலிருந்தது. இன்னொரு தடவை துடைத்தாள்.