முயல் ஜாடியின் காது

நெவில் டன்னிக்ளிஃப் உருப்படவே கூடாது என்று பதினோரு வருஷமாக மனதாரச் சபித்தவள் நான். இங்கிலாந்தில் பீங்கானுக்குப் பேர்போன பர்ஸ்லெமில் இருவருக்கும் ஒரே தெரு. அவனும் என்னைப் போலப் பீங்கான் விலங்குப் பைத்தியம். மீன் வாய்க் கூஜா, அணில் கைப்பிடி ஜாடி, எல்லாம் ஐம்பதுகளில் எங்கள் ஊர்ச் சூளைகளில் சுட்டவை.

பதினோரு வருஷத்துக்கு முன், காரின் டிக்கியைத் திறந்து பழைய சாமான் விற்கும் ஞாயிற்றுச் சந்தையில் இடப்பக்கம் பார்க்கும் பச்சை முயல் ஜாடி என் கையில் இருந்தது. கையில் இருக்கும்வரை நம்முடையது, கீழே வைத்தால் யாரும் எடுக்கலாம். சந்தையில் அதுதான் சட்டம். பாழாய்ப்போன தும்மல் வந்தது. மூக்கைத் துடைக்க ஜாடியை மேசையில் வைத்தேன். லபக்கென்று எடுத்துக்கொண்டான்.

"தும்மினா போச்சு, வாத்தே!"

எங்கள் ஊரில் அன்பாகக் கூப்பிடுவதென்றால் யாரானாலும் 'வாத்தே'தான். அவன் வாயால் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்கு ஜோடி, வலப்பக்கம் பார்க்கும் முயல். அது மட்டும் அவனுக்குக் கிடைத்துவிடக் கூடாது. எனக்கு வேறு வேண்டுதலே இல்லை.

போன ஞாயிறு சந்தைக்குப் போனால், அந்த வலப்பக்க முயலை மார்போடு அணைத்தபடி விலை பேசிக்கொண்டிருக்கிறான், பாவி! வயிறெரிந்தது.

"நல்லாருக்கு நெவில். காதைப் பாத்தியா?" என்றேன்.

அவன் முகம் செத்துவிட்டது. முயலில் முதலில் உடைவது காதுதான். உடைந்ததை ஒட்டிப் பூசியிருந்தால் பல்லில் தட்டித்தான் கண்டுபிடிப்போம். அசல் என்றால் ணங்கென்று கேட்கும், ஒட்டு என்றால் மொத்தென்று இருக்கும். அவனும் தட்டினான். ஆனால் போன மாதம்தான் வாய் முழுக்கப் பொய்ப்பல் கட்டியிருந்தான். பொய்ப்பல்லுக்கு என்ன தெரியும்?

"ஏன், ஒட்டு போட்டதா?"

"நானா சொன்னேன்? பாத்தியான்னுதானே கேட்டேன்."

பையிலிருந்து டார்ச் எடுப்பதற்காக முயலைக் கீழே வைத்தான்.

நான் எடுத்தேன். என் சொந்தப் பல்லில் தட்டினேன். ணங்! காது அசலோ அசல்.

"ஏய் வினிஃபிரெட்! அது என்னோடது!"

"கீழ வச்சா போச்சு, வாத்தே!"

கடைக்காரி சிரித்துக்கொண்டே செய்தித்தாளில் சுற்றி என்னிடம் கொடுத்தாள்.

மறுநாள் என் வாசலில் வந்து கெஞ்சினான். "ரெண்டும் ஒண்ணா இருக்க வேண்டியது வினிஃபிரெட். என்ன கேட்டாலும் தரேன்."

"நான் தும்மினப்ப எங்க போச்சு இந்தப் பாசம்?" என்று கதவைச் சாத்தினேன்.

முயல் இப்போது என் சன்னலில் இருக்கிறது. பேப்பர் வாங்க அவன் தினமும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான் அங்கே வைத்திருக்கிறேன், வாலைத் தெருப்பக்கம் திருப்பி.