கடலுக்கு மேலே மூன்றடி

படார்!... உள்ளே என்னவோ விழுந்தது, சுவரா, ஐயோ, சுவரேதானா... வீட்டைத் தூக்க ஜாக்கி திருகிக்கொண்டிருந்த கைகளெல்லாம் அப்படியே நிற்க, தெருவில் நின்ற டெய்லரம்மா செருப்பை உதறிவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினாள். "எவன்யா விசில் ஊதினது?" மேஸ்திரி கத்தினார். அவருடைய விசில் அவர் கையில்தான் இருந்தது. அவர் ஊதினால்தான் வீட்டுக்கு அடியில் இருக்கும் எல்லா ஜாக்கியும் ஒன்றாகச் சுற்ற வேண்டும், ஒரு பக்கம் முந்தினாலும் வீடு சாயும்... எவன் என்று அவளுக்குத் தெரியாதா? முப்பது வருடம் பஸ்ஸில் ஊதிய வாய், ரிட்டயரான பின்னும் கழுத்தை விட்டு இறங்காத விசில். "நான்தாங்க... வீடு எழும்பின சந்தோஷத்துல..." அவள் கணவர் அசடு வழிந்தார். "அண்ணே, இது பஸ் இல்ல, ரைட் குடுத்ததும் கிளம்புறதுக்கு! இவனுங்க பாதிப் பேர் திருகிட்டானுங்க!" மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு, சாய்ந்த பக்கத்தைச் சமமாக்கக் கீழே குனிந்தார்.

விரிசல் விட்டிருக்குமா, விட்டிருந்தால்... விட்டிருந்தால் நல்லதுதானே, அதைத்தானே இத்தனை நாளாக மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள்? டிவியில் மலையளவு பனி சரிந்து கடலில் விழுந்தபோது, அட, என்ன அழகு என்று பட்டன் தைத்துக்கொண்டே பார்த்தவள்தான், அது உருகி உருகிக் கடல் ஏறி, ஒருநாள் தன் அடுப்படிக்கே வரும் என்று யார் கண்டது? போன வாரம் தைக்க வந்த துணியெல்லாம் உப்புத் தண்ணீரில் மிதந்தது. மேட்டுப் பகுதியில் இருக்கும் மகள், வந்துடும்மா என்றாள். இவரோ, "கடல் ஒரு அடி ஏறினா நாம மூணு அடி ஏறுவோம்டி" என்று ஜாக்கிக்காரர்களைக் கூட்டி வந்துவிட்டார். ஏறட்டும், இவரே ஏறட்டும்... அன்று மதியமே கைக்குக் கிடைத்ததை அள்ளிப் பெட்டியில் திணித்துப் பரணில் ஒளித்தாள், சுவரில் ஒரு விரிசல் விழட்டும், மறு பேச்சில்லாமல் தனியாகவே மகளிடம் கிளம்பிவிடலாம் என்று. அப்படியிருக்க, சத்தம் கேட்டதும் ஏன் வீட்டைப் பார்த்து ஓடி வந்தாள், செருப்புகூட இல்லாமல், ஏன் இப்போது வாசல் சுவரை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இவள் பிடித்தா வீடு நிற்கப்போகிறது?

"கையை எடுங்கம்மா, ஒரு கீறல்கூட இல்ல," மேஸ்திரி சிரித்தார். அவள் எடுக்கவில்லை. வீடு எழும்பித்தான் இருந்தது, நேற்றுவரை ஈரம் ஊறிய வாசற்படி இப்போது அவள் முழங்கால் உயரத்தில், வெயிலில், காய்ந்துகொண்டு... அப்போதுதான், என்ன விழுந்தது என்று பார்க்கப் போன கணவர் உள்ளேயிருந்து வந்தார், கையில் வாய் பிளந்த பெட்டி. பரணிலிருந்து விழுந்தது அதுதான். சுவரைப் பிடித்திருந்த அவள் கையை ஒரு பார்வை, பெட்டிக்குள் ஒரு பார்வை பார்த்தவர், மெதுவாகக் கேட்டார்:

"தனியா கிளம்பறவளுக்கு என்னோட நீலச் சட்டை எதுக்குடி?"