சமையலறை வாசலில் சிக்கிய அலமாரி

1

இந்தக் கதை என் மூளையில் பிறக்கவில்லை. சற்று முன்பு எங்கள் சமையலறை வாசலில் பிறந்தது. பழைய மளிகைக்கடையிலிருந்து வாங்கிவந்த தேக்கு அலமாரி அங்கே பாதி உள்ளே, பாதி வெளியே ஆப்பு அடித்தாற்போல் நிற்கிறது. இழுத்த மனைவி உள்ளே, தள்ளிய நான் வெளியே. அவள் பஸ் ஓட்டுநர். பதினோரு மணி வண்டியை அவள்தான் எடுக்க வேண்டும். இப்போது மணி பத்து. (ஜன்னலில் கம்பி இருக்கிறது. நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும்.)

"தச்சர் வர்றவரைக்கும் புலம்பாதீங்க. உக்காந்து எழுதுங்க" என்றாள்.

அலமாரியின் இழுப்பறையை இரண்டு பக்கமும் இழுக்கலாம். தாளையும் சிவப்புப் பேனாவையும் வைத்துத் தள்ளினால் அவள் படித்துத் திருத்துகிறாள்.

2

முதல் தொடக்கம்: மழை ஈரத்தில் மரம் உப்பிப்போயிருந்த அந்தக் காலையில்

இழுப்பறை திரும்பி வந்தது. "மழையே பெய்யல."

இரண்டாவது தொடக்கம்: அகலத்தைத் தவறாகச் சொன்ன கடைக்காரர்

இந்தமுறை தாளோடு ஒரு டம்ளர் காபியும் வந்தது. "குடிச்சிட்டு உண்மையை எழுதுங்க."

3

உண்மை. சமையலறையில் ஏற்கெனவே பித்தளைத் தராசும், ஒன்பது எனாமல் டப்பாக்களும், முள் ஓடாத ஒரு கடிகாரமும் இருக்கின்றன. எல்லாம் என் கிறுக்கு. போன பிறந்தநாளுக்கு, சுவரில் மாட்ட, அவள் ஒரு பழைய கஜக்கோல் வாங்கித் தந்தாள். வாசலை அதை வைத்துத்தான் அளந்தேன். [டேப் கையெட்டும் தூரத்தில் இருந்தது. பழைய அலமாரிக்குப் பழைய கோல்தான் பொருத்தம் என்று பட்டது. இதைப் பிறகு அடித்துவிட வேண்டும்.] கோலின் முதல் இரண்டு அங்குலம் உடைந்துபோயிருக்கிறது. முப்பத்திரண்டு என்று படித்தேன். வாசல் முப்பதுதான். அலமாரி முன்பக்கம் இருபத்தொன்பது, பின்பக்கம் முப்பத்தொன்று.

"உடைஞ்சதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல?" என்றது அலமாரி, அவள் குரலில்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், இவளிடம் முடியாது.

4

மணி பத்தரை. தச்சர் ரம்பத்தோடு வந்துவிட்டார்.

முடிவு அ: அலமாரியை அறுப்பது. நூறு வருஷத் தேக்கு.

முடிவு ஆ: கதவுநிலையை அறுப்பது. இது வாடகை வீடு. வீட்டுக்காரர் மாடியில் இருக்கிறார், காது ரொம்பக் கூர்மை.

'அலமாரியையே அறுக்கட்டும், நீ கிளம்பு' என்று கோணல் எழுத்தில் எழுதித் தள்ளினேன். இழுப்பறை திரும்பி வந்தது.

"அறுக்காதீங்க. உள்ள இருந்து பார்த்தா அழகா இருக்கு. ஆனா பஸ்ஸையும் விட முடியாது."

ஏழு வருஷத்தில் என் பழஞ்சாமான் எதையும் அவள் அழகு என்று சொன்னதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. தாளை இரண்டுமுறை முத்தமிட்டேன். தச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

5

பத்து நாற்பது. உள்ளே அவள் வண்டிச் சாவியை ஆட்டும் சத்தம் கேட்கிறது.

"ரம்பத்தை எதுல வைக்கட்டும் சார்?" என்கிறார் தச்சர்.

என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. என்மேல் நம்பிக்கை போய்விட்டது. உங்களைத்தான் கேட்கிறார், சீக்கிரம் சொல்லுங்கள். அளந்து பார்த்துத்தான் சொல்வேன் என்றால், இதோ, கஜக்கோல்.