கோல் கம்பத்துக்குப் பின்னால் அம்மையப்பன்

அம்மையப்பனுக்குப் பந்தாட்டம் பிடிக்காது. பிடிக்காது என்பதைவிட, நம்பிக்கை கிடையாது என்றால் சரியாக இருக்கும். வளர்ந்த ஆம்பிளைகள் கூலி இல்லாமல் வெயிலில் ஓடுகிறார்கள் என்றால் அதற்குள் ஏதோ விஷயம் இருக்கிறது என்பது அவர் கட்சி. ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் அவர் எதையும் லேசில் நம்பியவரில்லை. வேலை பார்க்கும் ஷார்ஜாவில், கூலியாட்கள் கேம்ப்பில், தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒரு வாய் குடிப்பார்.

அப்பேர்ப்பட்டவர், எழுபத்தேழாம் வருஷம் தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தொழில்பேட்டைக்குப் பின்னால் கிடந்த மணல் வெளிக்கு மேட்ச் பார்க்கப் புறப்பட்டார் என்றால் அதற்கு ஒரே காரணம், லீவு.

மகள் தாமரைக்குக் கல்யாணம். இரண்டு தடவை நாள் குறித்தார்கள். அப்பன் வந்து சேராமல் இரண்டு தடவையும் தள்ளிப்போனது. இப்போது மூன்றாவதாக மாசி பத்து. இந்தத் தரமும் தாரை வார்க்க ஆள் வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டதாக அறந்தாங்கியிலிருந்து கடிதம் வந்திருந்தது. லீவுத் தாள் மூன்று மாதமாக ஆபீசில் கிடந்தது. கட்டடக் கம்பெனி முதலாளியான அரபி கையெழுத்துப் போட வேண்டும். அவரை எல்லோரும் அர்பாப் என்பார்கள். போய் நின்றால் "புக்ரா" என்பார். நாளைக்கு என்று அர்த்தம். அந்த நாளைக்கு இன்னும் விடியவில்லை.

ஆபீஸ் டைப்பிஸ்ட் சேதுராமன்தான் வழி சொன்னார். கும்பகோணத்துக்காரர், டவுனில் ரோலா பக்கம் குடும்பத்தோடு இருப்பவர்.

"இன்னிக்கு நம்ம கம்பெனிக்கும் காரேஜ் டீமுக்கும் செமி ஃபைனல். அர்பாப் வரார். நாம ஜெயிச்சுட்டோம்னா அந்த சந்தோஷத்துல எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுடுவார். பேப்பரை எடுத்துண்டு வந்துடும்யா."

"தோத்துட்டா சார்?"

"அவர் கண்ணுல படாதேயும்."

இதுதான் படித்தவன் யோசனை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அம்மையப்பன் போனார். லீவுத் தாளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பனியனுக்குள் போட்டு, மேலே இரண்டு சட்டை போட்டிருந்தார்.

மைதானம் என்று பெயர்தான். மணலில் சுண்ணாம்புக் கோடு. இரண்டு பக்கமும் சாரக் குழாயை நட்டுக் குறுக்கே ஒரு குழாயைக் கிளாம்ப் போட்டு மாட்டியிருந்தார்கள். வலை கிடையாது. கொத்தனார் கண் சும்மா இருக்குமா? ஒரு கோலின் இடது கம்பம் இரண்டு விரற்கடை சாய்ந்திருப்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"தூக்குக்குண்டு விடாம நட்டிருக்கான். இதுல என்னத்த நியாயமா விளையாடப் போறானுக."

கோட்டோரம் நல்ல கூட்டம். அர்பாப் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் டிரைவர் மீரா சாகிப், அதிராம்பட்டினத்துக்காரர், குடை பிடித்து நின்றார். கூட்டத்தில் நின்றால் எவனாவது சட்டைக்குள் கை விடுவான் என்று அம்மையப்பன் அந்தச் சாய்ந்த கோல் கம்பத்துக்குப் பின்னால் ஆளே இல்லாத இடத்தில் போய்க் குந்தினார். போகும்போது சேதுராமன் பின்னாலேயே வந்து ஒரே ஒரு சட்டம் சொல்லிக்கொடுத்தார்.

"கோலியைத் தவிர வேற யாரும் பந்தைக் கையால தொடப்படாது. தொட்டா தப்பு. நன்னா ஞாபகம் வெச்சுக்கும்."

அம்மையப்பன் நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டார். அதுதான் வினையாய்ப் போனது.

முதல் பாதியில் காரேஜ்காரன் ஒன்று அடித்தான். அம்மையப்பனுக்கு மாசி பத்து கண்ணுக்கு முன்னால் ஒரு வருஷம் தள்ளிப்போய்த் திரும்பி வந்தது. அப்புறம் நம் கம்பெனியில் பலகை அடிக்கிற பட்டாணியன் ஒருத்தன் மண்டையால் முட்டிச் சமன் செய்தான். மண்டையில் இவ்வளவு பலம் வைத்துக்கொண்டு இவன் ஏன் சுத்தியல் கேட்கிறான் என்று அம்மையப்பன் யோசித்தார்.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியது. அவர் குந்தியிருந்த கம்பத்துக்குக் காரேஜ் கோலி வந்தான். ஹபீப் முகம்மது என்று பெயர். திரூர்க்காரன், மலையாளி, மெக்கானிக். பந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் திரும்பிப் பேச்சுக் கொடுத்தான்.

"மூப்பரே, எதுக்கு ரெண்டு சட்டை? குளிரா?"

"பந்தப் பாருப்பா. வேலை நேரத்துல என்ன பேச்சு."

"நீங்க எந்த டீமு?"

"நான் லீவு டீமு."

"அப்படி ஒரு டீமா? எங்கே கம்பெனி?"

அம்மையப்பன் மேல் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டார். கோலிக்காரன் பேச்சுக் கொடுத்து எதையோ கறக்கப் பார்க்கிறான் என்று பட்டது.

முடிய ஐந்து நிமிஷம் இருக்கும். பட்டாணியன் மறுபடியும் ஓடிவந்து ஒரு உதை விட்டான். பந்து கோலியின் கைக்கடியில் புகுந்து, இரண்டு கம்பத்துக்கும் நடுவே, நேராக அம்மையப்பனின் நெஞ்சுக்கு வந்தது. நெஞ்சில் லீவுத் தாள். எந்த மனுஷன் சும்மா இருப்பான்? இரண்டு கையாலும் பிடித்து, பிடித்த வேகத்தில் திருப்பி எறிந்தார். அது சாய்ந்த கம்பத்தில் பட்டு மைதானத்துக்குள் உருண்டது. கோலி பாய்ந்து கட்டிக்கொண்டான்.

கம்பெனிக்காரர்கள் கோல் என்று குதித்தார்கள். காரேஜ்காரர்கள் கம்பத்தில் பட்டுத்தானே திரும்பியது என்று கத்தினார்கள். ரெஃப்ரியாக விசில் வைத்திருந்த சூடான் நாட்டுப் பள்ளிக்கூட வாத்தியார் அந்த நேரம் பின்னால் விழுந்து கிடந்த ஒருத்தனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலை இருந்தாலாவது அது சொல்லும். அந்த இடத்தில் இருந்த சாட்சி ஒரே ஆள்தான். வாத்தியார் ஆறடி உயரத்தையும் எடுத்துக்கொண்டு அம்மையப்பனை நோக்கி ஓடி வந்தார்.

கையால் தொட்டாகிவிட்டது. சட்டம் தெரிந்தே தொட்டாகிவிட்டது. அம்மையப்பன் எழுந்து நின்றார்.

"ஃபீ கோல்? வல்லா மாஃபி?" என்றார் வாத்தியார். கோல் உண்டா, இல்லையா என்று கேட்டார்.

அரபியில் மாஃபி என்றால் இல்லை என்பது அம்மையப்பனுக்குத் தெரியாததல்ல. தண்ணி மாஃபி, டூட்டி மாஃபி என்று நாள் பூராவும் காதில் விழுவதுதான். ஆனால் பயந்தவன் வாயில் பழைய பாஷைதான் முதலில் வரும். பம்பாயில் எட்டு வருஷம் கட்டட வேலை பார்த்தவர். அங்கே இந்தியில் மாஃபி என்றால் மன்னிப்பு. பெரிய ஆள் முறைத்தால் அதைக் கேட்டுவிட வேண்டும்.

கையைக் கூப்பி, "மாஃபி சாப், மாஃபி," என்றார். போதாதோ என்று தலையையும் பலமாக ஆட்டினார்.

வாத்தியார் திரும்பிக் கையை வீசினார். கோல் இல்லை. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மறு ஆட்டம்.

என்ன நடந்தது என்று சேதுராமன் ஓடிவந்து சொன்ன பிறகுதான் அம்மையப்பனுக்குப் புரிந்தது. "நம்ம கோலை நீரே இல்லைன்னு சொல்லிட்டீரேய்யா. அர்பாப் உம்மைக் கூப்பிடறார். நான் சொல்றதைக் கேளும். வெயில்ல கண்ணு சரியாத் தெரியலைன்னு சொல்லிடும். லீவு பத்தி மூச்சு விடாதேயும்."

அம்மையப்பன் அர்பாப் முன்னால் போய் நின்றார். அர்பாப் அரபியில் ஏதோ கேட்டார். மீரா சாகிப் தமிழாக்கினார்.

"அண்ணே, நீங்க என்ன பாத்தீங்கன்னு கேக்குறாக."

சேதுராமன் பின்னாலிருந்து கனைத்தார். அம்மையப்பன் அவரைத் திரும்பிப் பார்த்தார். இவர் யோசனையைக் கேட்டுத்தானே இங்கே வந்து நிற்கிறோம் என்று தோன்றியது.

"பந்து உள்ளாறதான் வந்துச்சு பாய். என் நெஞ்சுல வந்து விழுந்துச்சு. கையால புடிச்சிட்டேன். அது தப்புன்னு இந்த சார்தான் சொன்னாரு. அதான் அந்த நெட்டைக்காரர்ட்ட மாஃபி கேட்டேன். அவரு கோலு மாஃபின்னு எடுத்துக்கிட்டாரு. பொண்ணு கல்யாணத்துக்கு லீவு கேட்டு வந்தேன். பந்து பாக்க வரல."

மீரா சாகிப் இதை அரபியில் சொல்ல ஆரம்பித்தவர், நடுவில் சிரிப்பை அடக்க இரண்டு தடவை நிறுத்தினார். அர்பாப் சிரிக்கவில்லை. அம்மையப்பனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு வாக்கியம் சொன்னார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை நீங்க இந்த நாட்டுலயே இருக்கக் கூடாதாம்," என்றார் மீரா சாகிப்.

அம்மையப்பன் முடிவு கட்டிவிட்டார். வேலை போச்சு. வேலை இல்லாத அப்பனாகக் கல்யாணத்துக்குப் போய் நின்றால் மாப்பிள்ளை வீட்டான் என்ன மரியாதை கொடுப்பான்?

"விசா கேன்சலா பாய்?"

மீரா சாகிப் குடையை மறு கைக்கு மாற்றினார். ஒரு வேலையும் அவசரமாகச் செய்யாத மனுஷன்.

"மறு ஆட்டத்துல திரும்பவும் நீங்க கோலுக்குப் பின்னாடி வந்து உக்காந்தா என்ன பண்றதுன்னு அவுகளுக்குப் பயம். அந்தத் தாளை எடுங்கண்ணே, கையெழுத்துப் போடுறாக. வியாழக்கிழமையே பிளேன் ஏறிடணுமாம். நானே கொண்டுபோய் ஏத்திவிட்டுட்டு வந்து சொல்லணுமாம்."

இரண்டு சட்டையையும் அவிழ்த்துத் தாளை எடுத்தார். அர்பாப் கார் பானெட்டின் மேல் வைத்துக் கிறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். சேதுராமன் வாங்கி உரக்கப் படித்தார். இரண்டு மாத லீவு. திரும்பி வரலாம். வேலை அப்படியே இருக்கும்.

"என் ஐடியா பலிச்சுதா இல்லையா," என்றார் சேதுராமன்.

அம்மையப்பன் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இவர் படித்ததை எப்படி நம்புவது? மீரா சாகிப்பும் இவரும் ஒரே கம்பெனி, சொல்லி வைத்துப் பேசுகிறவர்கள். மணலில் உட்கார்ந்து பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்த காரேஜ் கோலியிடம் போனார். எதிர்க் கட்சிக்காரன், பொய் சொல்ல அவனுக்கு என்ன அவசியம்?

"தம்பி, இங்கிலீசு தெரியுமா? இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லு."

ஹபீப் விரல் வைத்துப் படித்தான். "ரெண்டு மாசம் லீவு. பின்னே திரும்பி வரணும். ஒப்பு, கையெழுத்து உண்டு. ஓ, இதுதானா உங்க லீவு டீமு? நீங்கதான் ஜெயிச்சது மூப்பரே."

தாளை மடித்துக்கொண்ட பிறகும் அம்மையப்பன் நகரவில்லை. ஒன்று கேட்டே ஆகவேண்டும் போலிருந்தது.

"பந்து உள்ளாற போனது உனக்குத் தெரியுமாடா?"

"பின்னே தெரியாதா? என்ட கையிடுக்குலதானே போச்சு."

"தெரிஞ்சுமா வாய மூடிக்கிட்டிருந்தே?"

"அந்த வாத்தியார் உங்ககிட்டதானே கேட்டார்," என்றான் ஹபீப். "என்கிட்ட ஆரு கேட்டா?"

பார்த்தாயா, இந்த ஆட்டத்தை நம்பக் கூடாது என்று அப்போதே நினைத்தேன் என்று அம்மையப்பன் முனகிக்கொண்டு, தாளை மறுபடியும் பனியனுக்குள் போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சட்டையையும் மாட்டிக்கொண்டு கேம்ப்பைப் பார்த்து நடந்தார்.