கண்ணாடி இல்லாமல் நான்கு நாடுகள்

மகனுக்கு லீவு கிடைக்காமல் போனதில்தான் எல்லாம் தொடங்கியது. அவனும் மருமகளும் ஒரு வருஷமாக ஆசையாசையாகத் திட்டம் போட்ட சுற்றுலா அது. பன்னிரண்டு நாள், ஐந்து நாடுகள். ஒரே கண்டத்துக்குள் மணல்மேடும் உண்டு, பனிமலையும் உண்டு, கிளைகிளையாகப் பிரியும் பழைய கடைத்தெருவும் உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். கிளம்ப ஒன்றரை மாதம் இருக்கும்போது அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். சுற்றுலாக் கம்பெனியோ, ரத்து செய்ய முடியாது, வேண்டுமானால் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்றது.

"அப்போ ரெண்டு அம்மாவும் போயிட்டு வாங்க" என்றாள் மருமகள், ஏதோ பக்கத்துக் கடைக்குப் போய்வரச் சொல்வதுபோல.

மகனைப் பெற்றவர் ஓர் அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே எல்லோருக்கும் அவர் புரூஃப் அம்மா. மருமகளைப் பெற்றவர் சொந்தமாகத் தையல் கடை வைத்திருப்பவர். டெய்லரம்மா என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. சம்பந்திகள் ஆகி மூன்று வருஷமாகியும் ஒருவர் வீட்டில் ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்ததில்லை. சண்டை என்று சொல்ல முடியாது. கல்யாணப் பத்திரிகையைப் பெண் வீட்டார் அச்சடிக்கக் கொடுத்துவிட்டு, ஒரு பேச்சுக்குக் காட்டுவோமே என்று மாதிரியை அனுப்பினார்கள். புரூஃப் அம்மா பழக்கதோஷத்தில் ஒன்பது இடத்தில் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அதில் ஒரு சுழி டெய்லரம்மாவின் பெயர் மேலேயே விழுந்திருந்தது. அன்றிலிருந்து "வாங்க சம்பந்தி, நல்லா இருக்கீங்களா சம்பந்தி" என்பதோடு பேச்சு நின்றுபோனது.

முதல் நாள் ஓட்டல் அறையில் இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு சின்ன மேஜை இருந்தது. அதில் யார் சாமானை வைப்பது என்று ஆளுக்காள் மரியாதை பார்த்து, கடைசியில் மேஜை காலியாகவே கிடந்தது.

இரண்டாம் நாள் ஆற்றில் ரப்பர் படகுச் சவாரி. குழுவில் இருந்த இருபத்திரண்டு பேரில் பாதிப் பேர் கரையிலேயே நின்றுவிட்டார்கள். டெய்லரம்மா முதல் ஆளாக மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, அதன் தையலை இழுத்துப் பார்த்து, "பரவாயில்ல, ரெட்டைத் தையல் போட்டிருக்கான்" என்று ஏறிவிட்டார். அதைப் பார்த்துவிட்டு புரூஃப் அம்மா எப்படிக் கரையில் நிற்பது? இவரும் ஏறினார்.

"அம்மா, கண்ணாடிய கயிறு போட்டுக் கட்டிக்கோங்க" என்று வழிகாட்டி ஒரு கயிற்றை நீட்டினான்.

"நாப்பது வருஷமா என் மூக்குல இருக்கு தம்பி. இதுவரைக்கும் விழுந்ததில்ல."

மூன்றாவது திருப்பத்தில் படகு ஒரு பாறையில் மோதி ஒரு குலுக்குக் குலுக்கியது. ஆறு பளீரென்று முகத்தில் அறைந்தது. புரூஃப் அம்மா கண்ணைத் திறந்தபோது உலகம் கரைந்து போயிருந்தது. பச்சை ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம், நடுவில் ஆரஞ்சு நிறத்தில் சில பூசணிக்காய்கள். அவை மிதவைச் சட்டை போட்ட மனிதர்கள் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது.

கண்ணாடி ஆற்றோடு போய்விட்டது. அவருக்குப் பார்வை மைனஸ் பதினொன்று. மாற்றுக் கண்ணாடி வீட்டில், டிவிக்கு மேலே, பத்திரமாக இருந்தது. அந்த ஊர்க் கண்ணாடிக் கடையில் இந்தப் பவருக்கு லென்ஸ் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். பேருந்து மறுநாளே எல்லை தாண்டுகிறது. அடுத்த ஊரிலும் அதே பதில்தான் கிடைக்கும் என்று வழிகாட்டி தயங்கித் தயங்கிச் சொன்னான்.

மறுநாள் எல்லையைத் தாண்டி ஓட்டலில் இறங்கியதும் புரூஃப் அம்மா முடிவுக்கு வந்திருந்தார். "நீங்க போயிட்டு வாங்க சம்பந்தி. நான் ரூம்லயே இருந்துக்கறேன். நான் வந்து எதைப் பாக்கப் போறேன்?"

டெய்லரம்மா தலை வாரி முடித்தார். பிறகு இவருடைய செருப்பை எடுத்துவந்து காலருகே வைத்தார். "நான் பாத்துச் சொல்றேன். கிளம்புங்க."

முதலில் கொண்டுபோன இடம் ஒரு பழைய கோபுரம். டெய்லரம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார்.

"அப்படியா?"

"ரொம்ப உசரமா இருக்கு. அழகா இருக்கு."

புரூஃப் அம்மாவுக்கு எரிச்சல் வந்தது. அச்சகத்தில் ஒருவர் மூலப்பிரதியைச் சத்தமாகப் படிப்பார், இவர் புரூஃபில் சரிபார்ப்பார். படிக்கிறவர் காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "நல்லா இருக்கு" என்று எந்தப் பிரதியிலும் யாரும் படித்ததில்லை.

"சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. ஒரு ஆள் உங்க கடைக்கு வந்து, எனக்கு நல்லதா ஒரு சட்டை தைங்கன்னு சொன்னா, நீங்க தைப்பீங்களா?"

டெய்லரம்மா கோபுரத்தை மறுபடி அண்ணாந்து பார்த்தார். கோபித்துக்கொண்டாரோ என்று இவர் நினைத்த வேளையில் குரல் வந்தது. "கீழ் சுத்தளவு பெரிசு. இடுப்புல நல்லா பிடிச்சுத் தச்சிருக்கு. மேல போகப் போகத் தோள் விரியுது. கழுத்து வட்டக் கழுத்து. கழுத்தச் சுத்தி நீலக் கல்லு வச்சு பார்டர் ஓடுது, ஒரு விரக்கடை அகலம். தெற்குப் பக்கம் மட்டும் கல்லு உதிர்ந்து வேற நீலத்துல ஒட்டுப் போட்டிருக்காங்க. கலர் சேரல."

புரூஃப் அம்மாவுக்கு அந்தக் கோபுரம் அப்படியே கண்முன் எழுந்து நின்றது. கண்ணாடி இருந்திருந்தால் அந்த ஒட்டை அவர் கவனித்திருப்பாரா என்பது சந்தேகம்.

அதன்பிறகு நிறுத்தமே இல்லை. பாலைவனத்தை டெய்லரம்மா இஸ்திரி போட மறந்த துணி என்றார். ஏரியில் போன படகுகளை எண்ணிச் சொன்னார், படகோட்டிகளில் எவன் சோம்பேறி என்பதையும் சேர்த்துச் சொன்னார். குழுவில் யார் யாரோடு முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள், எந்தக் கணவர் மனைவிக்குத் தெரியாமல் சிகரெட் பிடிக்கிறார் என்பதெல்லாம் இலவச இணைப்பு. இவர் குறுக்குக் கேள்வி கேட்பார். "எத்தனை படி? கைப்பிடி மரமா, இரும்பா?" அவர் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். இரண்டு பேரும் இப்படிப் பேசிக்கொண்டே வருவதைக் கேட்டு, பின்னால் வந்த மூன்று குடும்பங்கள் வழிகாட்டியை விட்டுவிட்டு இவர்கள் பக்கம் ஒட்டிக்கொண்டன.

ஏழாம் நாள் பனிமலை. கம்பி வண்டியில் தொங்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் மேலே போனார்கள். இறங்கியதும் குழு முழுவதும் உச்சுக்கொட்டியது. புரூஃப் அம்மா டெய்லரம்மாவின் கையை இழுத்தார்.

"என்ன சம்பந்தி, சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? ஒரே மூடுபனி. கைய நீட்டினா கை தெரியல. இன்னைக்கு எங்க எல்லாருக்கும் மைனஸ் பதினொண்ணு."

புரூஃப் அம்மா சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. கண்ணில் நீர் வந்து, மூச்சு வாங்கி, உச்சியில் போட்டிருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டெய்லரம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார். பணம் வீணாப்போச்சு என்று புலம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு இரண்டு பேரையும் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒன்பதாம் நாள்தான் கடைத்தெரு. கூரை போட்டு மூடிய நீளமான தெரு. அதிலிருந்து கிளைகிளையாகச் சந்துகள். துணிக்கடையில் டெய்லரம்மா நீலத்தில் ஒரு பட்டுத்துணியை எடுத்து, கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு இப்போதெல்லாம் பக்கத்தில் இருப்பது தெரிவதில்லை. கடைக்காரர் நெஞ்சில் கைவைத்து என்னவோ சத்தியம் செய்தார்.

"கைத்தறியாம், ஒரு குறை இல்லையாம்" என்றான் வழிகாட்டி.

"இங்க குடுங்க" என்று புரூஃப் அம்மா துணியை வாங்கி மூக்கோடு ஒட்டிவைத்துக்கொண்டார். தூரம் போனால் குருடு என்றாலும், நான்கு விரற்கடைக்குள் வந்துவிட்டால் அந்தக் கண்ணுக்கு எறும்பின் கால்கூடத் தப்பாது. முழம் முழமாக நகர்த்தி, வரி விடாமல் படித்தார். ஐந்தாவது முழத்தில் நின்றார். "இந்த இடத்துல கிழிஞ்சு இழை ஓட்டியிருக்காங்க. அதுக்கு ரெண்டு விரல் தள்ளி, குறுக்க ஓடற ஊடை இழை ஒண்ணு விட்டுப்போயிருக்கு."

கடைக்காரர் பூதக்கண்ணாடி கொண்டுவந்து பார்த்தார். பிறகு தன் ஸ்டூலைத் துடைத்து இவரை உட்காரவைத்துவிட்டு, உள்ளே போய் வேறு துணி எடுத்து வந்தார். அதில் குறை இல்லை. டெய்லரம்மா ஆறு மீட்டர் வாங்கினார். வாங்கிய கையோடு, "அந்தப் பத்திரிகையில நீங்க சுழிச்சதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. என் பேருல ஒரு எழுத்து விட்டுப்போச்சு. எனக்குத்தான் அன்னைக்கு ஆத்திரம்" என்று சொன்னார்.

"நானும் ஒரு வார்த்தை போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். சிவப்பு மையில அனுப்பினது தப்புதான்."

அந்த நெகிழ்ச்சியிலோ என்னவோ, கடையை விட்டு இறங்கியபோது கை பிடிக்க மறந்துபோனார்கள். டெய்லரம்மா அன்று மஞ்சள் ஸ்வெட்டர் போட்டிருந்தார். புரூஃப் அம்மா மஞ்சள் புள்ளியைப் பார்த்தபடியே நடந்தார். இரண்டு திருப்பம் தாண்டி, "சம்பந்தி, கொஞ்சம் மெல்ல" என்று தோளைத் தொட்டால், திரும்பிய ஆள் புரியாத பாஷையில் பேசினார். அது வேறு மஞ்சள்.

சுற்றிலும் நிறங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. கைப்பேசி டெய்லரம்மாவின் பையில். ஓட்டலின் பெயர் நினைவில்லை. பக்கத்துச் சுவரைத் தடவி நின்றார். அது ஒரு பூட்டுக் கடை. கடைக்காரர் என்ன கேட்டாரோ, இவர் தன் கண்ணைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, சூடாகத் தேநீர் கொடுத்து, பக்கத்திலேயே நின்றுகொண்டார். புரூஃப் அம்மா ஒன்று மட்டும் உறுதியாக நினைத்துக்கொண்டார்: இடத்தை விட்டு அசையக் கூடாது, தேடுகிறவர் தேடி வருவார். மூன்று வருஷமாக ஒரு மணி நேரம்கூடச் சேர்ந்து உட்காராத ஒருவரை இவ்வளவு நம்புகிறோமே என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து ஒரு விசித்திரம் நடந்தது. சந்தின் தொலைவில் ஓர் ஆண்குரல் "சம்பந்தி" என்றது. உச்சரிப்பு கடித்துத் துப்பியதுபோல இருந்தது. இன்னொரு குரல், இன்னும் கிட்டத்தில், "சம்பந்தீ" என்றது. கடை கடையாக அந்தச் சொல் வந்துகொண்டிருந்தது. டெய்லரம்மா கத்திக்கொண்டே ஓடியதைக் கேட்ட வியாபாரிகள், அதை ஆள் பெயர் என்று நினைத்து, ஆளுக்கொரு குரல் கொடுத்து அடுத்த கடைக்குக் கடத்திக்கொண்டிருந்தார்கள். பூட்டுக் கடைக்காரர் குனிந்து, இவரைச் சுட்டி, "சம்பந்தி?" என்று கேட்டார்.

"ஆமா, நான்தான்" என்றார் புரூஃப் அம்மா.

டெய்லரம்மா வந்து சேர்ந்தபோது தொண்டை கட்டிப்போயிருந்தது. வந்ததும் திட்டினார். "மஞ்சளா எது போனாலும் பின்னாடியே போயிடுவீங்களா? ஒரு நிமிஷம் நின்னு கூப்பிட வேண்டாமா? என் உசுரே போயிடுச்சு." திட்டிக்கொண்டே இவருடைய இரண்டு கைகளையும் பிடித்து, கன்னத்தைத் தடவி, எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று தோளிலிருந்து பாதம்வரை பார்த்தார். பிறகு பூட்டுக் கடைக்காரரைக் கும்பிட்டார். அவரும் அதைப் பார்த்து அப்படியே கையைக் கூப்பினார். ஒரு வழியாகத் திரும்பி நடந்தபோது, கடை வாசல்களில் நின்றவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். எத்தனை பேர் என்று டெய்லரம்மா எண்ணிச் சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

மீதி மூன்று நாளும் இவருடைய மணிக்கட்டை அவர் விடவே இல்லை.

ஊர் திரும்பியதும் மகன் மாற்றுக் கண்ணாடியை நீட்டினான். புரூஃப் அம்மா முகம் கழுவிவிட்டு அதை மாட்டிக்கொண்டார், ஒரு வாய் காப்பி குடித்தார், மறுநாள் சாயங்காலம் தனியாகப் பேருந்து ஏறி டெய்லரம்மாவின் கடைக்குப் போனார். கடையில் இரண்டு தையல் மிஷின், ஒரு வெட்டும் மேஜை, தைத்து முடித்த துணிகள் தொங்கும் ஒரு கம்பி. நாலைந்து பெண்கள் காத்திருந்தார்கள். டெய்லரம்மா மிஷினை நிறுத்திவிட்டு, "வாங்க சம்பந்தி, சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே" என்று எழுந்தார்.

புரூஃப் அம்மா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இடது புருவத்தின் ஓரத்தில் ஒரு மச்சம். கன்னத்தில் ஊசிமுனை அளவுக்குக் குழி. பனிக்காற்றில் மூக்குநுனி தோல் உரிந்து இன்னும் ஆறவில்லை. மூன்று வருஷத்தில் இந்த முகத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?"

"சம்பந்தி, எனக்கு நயமாப் பேச வராது. தப்பு எங்கன்னு சொல்லத்தான் தெரியும். முப்பத்தொரு வருஷம் அதுக்குத்தான் சம்பளம் வாங்கினேன். நீங்க மட்டும் இல்லன்னா நாலு நாட்டுலயும் நாலு ஓட்டல் சுவத்தத்தான் பாத்துட்டு வந்திருப்பேன். உங்க கண்ணால பாத்ததுக்கு நான் என்ன செஞ்சாலும் ஈடாகாது. ரொம்ப நன்றி. இத நேர்ல வந்து சொல்லணும்னு தோணுச்சு."

காத்திருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். டெய்லரம்மாவுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இழுத்தார், சுருட்டினார், மறுபடி தொங்கவிட்டார்.

"சும்மா இருங்க சம்பந்தி. நான் தனியாப் போயிருந்தா, நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சொல்லிட்டு பஸ் ஏறியிருப்பேன். நீங்க கேட்டுக் கேட்டுத்தான் நானே பாத்தேன்." அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பினார். "இவங்கதான் என் சம்பந்தி. சொன்னேன்ல, அவங்கதான்."

அவர்களில் ஒரு பெண் நகர்ந்து இடம்விட்டாள். புரூஃப் அம்மா உட்கார்ந்தார். அன்று ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்துத் தைக்க ஆள் வரவில்லை. நான்கு விரற்கடைக் கண் சும்மாதானே இருக்கிறது என்று கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு ஊசியில் நூல் கோத்தார். கடை மூடும்வரை டெய்லரம்மா மிஷினை ஓட்டிக்கொண்டே, தெருவில் யார் யார் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.